நான் வெட்டிவிட்ட பச்சை மஞ்சள் கம்பி

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அவர் அழுவார். பாசுரத்தின் மூன்றாம் அடியிலிருந்து நான்காம் அடிக்குத் திரும்பும் இடத்தில் அவர் குரல் உடையும், கண்ணீர் வரும். முன்கையில் மயிர் எழுந்து நிற்பதை எதிர்வரிசையில் அமர்ந்திருக்கும் நான் கோயில் விளக்கின் ஒளியில் காண்பேன். காணாமலிருக்க முயன்றதுண்டு. ஒருமுறையும் முடிந்ததில்லை.

அது எண்பதுகளின் பிற்பகுதி. பினாங்குத் தீவுக்கு அக்கரையில், லூனாஸ் பட்டணத்தை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்துப் பெருமாள் கோயிலில் பஜனை பாட நாங்கள் பதினொரு பேர் இருந்தோம். நான் அந்தத் தோட்டத்து அலுவலகத்தில் நெடுங்காலம் கிராணியாக எழுத்துவேலை பார்த்து ஓய்வுபெற்றவன். அவர் அதே தோட்டத்து ரப்பர் ஆலையில் வயர்மேன். மின்கம்பி இழுப்பதும் மோட்டார்களைப் பழுது பார்ப்பதும் அவர் தொழில். என்னைவிடப் பத்து வயது இளையவர். என்னை ‘அண்ணே’ என்பார். நான் அவரைத் ‘தம்பி’ என்பேன். அந்தச் சொல்லில் அவர் வைத்த அன்பு உண்மையானது. நான் வைத்தது வழக்கம் மட்டுமே.

பன்னிரண்டு வயதிலிருந்து நான் பாசுரங்களைப் பதம் பிரித்து, பொருள் கேட்டு, நெட்டுருச் செய்தவன். ஓரிடத்தில் சொல் தவறினால் பஜனையை நிறுத்தித் திருத்தும் உரிமை எனக்கு இருந்தது. யாரும் தந்ததன்று, நானே எடுத்துக்கொண்டது. வயர்மேனுக்குப் படிப்பு ஆறாம் வகுப்போடு முடிந்துவிட்டது. நோட்டுப் புத்தகத்தில் தம் கையால் எழுதிவைத்திருந்த பாடல்களில் வரிக்கு இரண்டு பிழை இருக்கும். எல்லாருக்கும் முன்னால் பலமுறை திருத்தியிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே, “நம்ம வாயில அது வர மாட்டேங்குதுண்ணே, நீங்க பாடுங்க, நான் பின்னாலேயே வர்றேன்” என்பார். பின்னாலேயே வந்து, பாதி வழியில் அழத் தொடங்கிவிடுவார். அழுதவுடன் கோயிலே அவர் பக்கம் திரும்பிவிடும். என் பிழையற்ற உச்சரிப்பு காற்றோடு போகும்.

மெய் சிலிர்க்க வேண்டும், நெஞ்சு நீராக வேண்டும் என்று வேண்டாத அடியார் இல்லை. நானும் நாற்பது ஆண்டு வேண்டினேன். என் நெஞ்சு நீராகவில்லை. பொருள் தெரிந்தவனுக்கு வராதது பொருள் தெரியாதவருக்கு வாரந்தோறும் வந்துகொண்டிருந்தது. பொறாமை என்ற சொல்லை நான் அப்போது பயன்படுத்தியதில்லை. அவர் அழுவது நடிப்பாக இருக்கலாம் என்றே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் முன்கை மயிரை யாராலும் நடித்து எழுப்ப முடியாது என்பது எனக்குத் தெரியும்.

இதற்கு மேல் துளசி மாலை வேறு. வயர்மேன் குடியிருந்த தோட்டத் தொழிலாளர் லயத்தின் பின்புறம் முழங்கால் உயரத்துக்கு இரண்டு வரிசை துளசி செழித்திருந்தது. சனிக்கிழமைதோறும் பெருமாளின் கழுத்திலிருந்து திருவடிவரை தொங்கும் மாலையை அவர் மோட்டார் சைக்கிள் கூடையில் வாழையிலை போர்த்திக் கொண்டுவருவார். நான் ஓய்வுபெற்றபின் லூனாஸ் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வரிசை வீட்டுக்கு மாறியிருந்தேன். முன்னும் பின்னும் சுவர். நடுவில் வெளிச்சம் விழுந்த இடத்தையும் வீட்டுக்காரர் தகரம் போட்டு மூடிவிட்டார். பூஜையறையில் நான் வைத்த துளசி மூன்று முறை வெளிறி, தண்டு நீண்டு, தலை சாய்ந்து செத்தது. மூன்றாவது செடி போன அன்று என் மனைவி சாதாரணமாகச் சொன்னாள்:

“வயர்மேன் தம்பிகிட்ட வாரம் ரெண்டு கொத்து கேட்டா குடுக்க மாட்டாரா என்ன? அவுங்க வீட்டுல காடா கெடக்கு.”

“என் பெருமாளுக்கு அவன் வீட்டுத் துளசி வேணாம்.”

“பெருமாள் எப்ப தனித்தனியா ஆனாரு?” என்று கேட்டுவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்த ஆனி மாதத்தில்தான் கடைத்தெருவில் மின்சாமான் கடை வைத்திருந்த பாயிடம், வீட்டுக்குள் செடி வளர்க்கும் விளக்கு ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டேன். பினாங்கில் ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் வாங்குகிறார்களாம். பார்ப்பதற்கு நாம் கலிமந்தாங் என்று சொல்லும் நீளக் குழல்விளக்குதான். ஒளி மட்டும் ரோஜா நிறம் கலந்திருக்கும். இரண்டு குழல்களும் தகரக் கூடும் வாங்கி, செடிக்கு ஒரு முழம் மேலே உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கவிட்டேன். புதிய துளசி நான்கு தொட்டிகளில் வைத்தேன். ஒரு மாதத்தில் இலை தடித்து, கரும்பச்சை ஏறி, மணம் வீசத் தொடங்கியது. அந்த மாதம் நான் மகிழ்ச்சியாக இருந்தேன் என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் விளக்கின் கூட்டுக்குள் இருந்த சோக்கு முனகியது. சோக்கு என்பது குழலுக்குச் செல்லும் மின்சாரத்தை அடக்கித் தரும் கனத்த இரும்புக் கட்டி. அதன் முனகல் என் சுருதிக்குக் கால் சுரம் கீழே நின்றது. விடியற்காலையில் நான் பாசுரம் எடுத்தால் அது என்னைக் கீழே இழுத்தது. நான் உருகாததற்கு இதுவே காரணம் என்று முடிவு செய்துகொண்டேன். காரணம் ஒன்று கிடைத்ததில் ஒரு நிம்மதி.

கடைக்குப் போய் முறையிட்டபோது பாய் மேசையடியிலிருந்து ஒரு நீளமான தகரப் பெட்டியை எடுத்து வைத்தார்.

“கிராணி சார், இது புதுசு. எலெக்ட்ரானிக் பேலஸ்ட். பழைய சோக்கு மாதிரி கனமில்ல, சூடும் கம்மி, சத்தமே கேக்காது. ஸ்டார்ட்டரும் வேணாம். சுவிட்ச தட்டுனா டக்குன்னு பத்திக்கும்.”

“ரெண்டு குழலுக்கும் இது ஒண்ணே போதுமா?”

“போதும்லா. உங்க குழல்ல என்ன வாட் போட்டிருக்கோ அதே வாட் இதுலயும் போட்டிருக்கணும். போட்டிருக்கு, பாத்துட்டேன். ஆனா ஒண்ணு சார்.” பெட்டியின் முனையிலிருந்து வந்த பச்சையும் மஞ்சளுமான கம்பியை விரலில் சுற்றிக் காட்டினார். “இது எர்த்து. மண்ணுக்குப் போற கம்பி. இத விட்டுறாதீங்க. பழைய சோக்குல எல்லாம் விட்டுட்டு ஓட்டுவாங்க, இதுல கூடாது. நம்ம வயர்மேன கூப்புட்டு மாட்டிக்கங்க. இந்தப் பக்கத்துல அவரு கை வேலைக்கு அப்புறம்தான் மத்தவங்க.”

கடைசி இரண்டு வாக்கியங்கள் என்னைக் கெடுத்தன. மின்சாரத்திலும் அவரேதானா? பெட்டியை வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்தேன். மனைவியும் அதே பெயரைச் சொன்னாள்.

“ஒரு ஆளு வந்து ஒரு மணி நேரத்துல மாட்டிட்டுப் போவாரு. நீங்க ஏன் ஏணியில ஏறணும்?”

“படம் ஒட்டியிருக்கு. எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும். அவனுக்குத் தெரியுமா?”

“தெரியாதுதான். ஆனா அவரு கை வச்ச லைட்டு எரியுது.”

நானே மாட்டினேன். சுவிட்சை அணைத்து, குழல்களைக் கழற்றி, சோக்கையும் ஸ்டார்ட்டரையும் எடுத்தேன். படத்தைப் பார்த்துச் சிவப்பைச் சிவப்போடும் நீலத்தை நீலத்தோடும் சேர்த்தேன். இதுவரை ஒழுங்கு. ஆனால் என் பூஜையறையில் பிளக் இல்லை. கூரையில் தொங்கிய பல்பு ஹோல்டரிலிருந்துதான் மின்சாரம் எடுத்திருந்தேன். அக்காலத்தில் எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான் ரேடியோவும் இஸ்திரிப் பெட்டியும் ஓட்டினார்கள். ஹோல்டருக்கு வருவது இரண்டே கம்பி. மூன்றாவது கம்பிக்குப் போக இடமில்லை. அடுப்படியில் மூன்று துளைப் பிளக் ஒன்று இருந்தது. அங்கிருந்து கம்பி இழுக்க வேண்டுமானால் சுவரைத் துளைத்துக் குழாய் பதிக்க வேண்டும். அதற்கு அவரைத்தான் கூப்பிட வேண்டும். சிறிது நேரம் அந்தப் பச்சை மஞ்சள் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஏணியில் நின்றேன். பிறகு கத்தரிக்கோலால் வெட்டி, முனையில் கருப்பு டேப் சுற்றினேன்.

சுவிட்சைத் தட்டியதும் குழல்கள் சத்தமின்றி எரிந்தன. அறையில் அவ்வளவு அமைதி அதுவரை இருந்ததில்லை.

மறுநாள் விடியலில் அது நடந்தது. குளித்து, ஈர வேட்டியோடு, வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நின்றேன். தொட்டிகளுக்கு நீர் தெளித்த ஈரம் காலடியில் இருந்தது. பாசுரம் சொல்லியபடியே துளசி கிள்ளுவது என் வழக்கம். குனிந்து கிள்ளுவதற்காக இடக்கையால் தகரக் கூட்டின் விளிம்பைப் பிடித்துச் சற்று உயர்த்தினேன். மூன்றாம் அடியைச் சொல்லிக்கொண்டிருந்தேன். விரல் நுனியில் ஒரு நடுக்கம் தொடங்கி, மெல்லிய ஆற்று மணல் நரம்புக்குள் ஓடுவதுபோல் மணிக்கட்டைக் கடந்து முழங்கைவரை ஏறியது. முன்கையைப் பார்த்தேன். மயிர் எழுந்து நின்றது. ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது.

நான் அழுதேன். இதை எழுதும்போது மறைக்க விரும்பவில்லை. நாற்பது ஆண்டு தாகத்துக்கு இறுதியில் ஒரு துளி விழுந்தது என்றெண்ணி, பெருமாளின் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து அழுதேன். விழுந்தவனுக்கு மூச்சு சீராகும் முன்பே தோன்றிய இரண்டாவது எண்ணம், இதை அவர் பார்க்கவில்லையே என்பது.

அதன்பின் ஒவ்வொரு காலையும் வந்தது. சில நாள் மென்மையாக, சில நாள் சுளீரென்று. தரை நன்றாக ஈரமாயிருந்த நாள்களில் அதிகமாக வந்ததை, குளித்த தூய்மையின் பயன் என்று கொண்டேன். துவாதசியன்று துளசி கிள்ளலாகாது என்பது முறை. அன்று கூட்டைத் தொடாமல் கைகூப்பி நின்று அதே பாசுரத்தைச் சொன்னேன். எதுவும் வரவில்லை. துவாதசியில் பெருமாள் ஒதுங்கியிருக்கிறார் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்தேன். நூற்றுக்கணக்கான பாடல்களுக்குப் பொருள் விரித்த பழக்கம் எனக்கு. ஒரு தகரக் கூட்டுக்குப் பொருள் விரிப்பதா கடினம்?

புரட்டாசி பிறந்தது. முதல் சனிக்கிழமைக்கு மறுநாள், அறையைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவி துணியைப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“என்னங்க, அந்த லைட்டு தகரத்த தொட்டா கையெல்லாம் சுர்ருங்குது.”

எனக்கு நெஞ்சில் முள் தைத்தது. அச்சத்தால் அன்று. பாசுரத்தில் ஒரு வரியும் அறியாதவள், கையில் அழுக்குத் துணியோடு நின்றவள், அவளுக்குமா? எனக்கு வந்தது எனக்கு மட்டும் வந்ததில்லையா?

“எப்பத்திலேர்ந்து?”

“ரெண்டு வாரமா. எனக்குப் பயமா இருக்கு. சாமிக்கு நம்ம மேல ஏதும் கோவமா? போன மாசம் ஒரு வேண்டுதல மறந்துட்டேன்ல, அதுவா இருக்குமோ?”

“கோவம்தான்,” என்றேன். எவ்வளவு எளிதாக வாயில் வந்தது. “இனிமே நீ அந்தப் பக்கம் போகாதே. அறைய நானே தொடச்சிக்கறேன்.”

அவள் கண்களில் நீர் கோத்தது. சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். என் அருளை என் மனைவியோடும் பங்கிட மனமில்லாமல் நான் சொன்ன அந்தப் பொய்தான் அவள் ஈரக் கையை அந்தத் தகரத்திலிருந்து விலக்கி வைத்தது என்பதைப் பின்னாளில் நினைக்கும்போதெல்லாம் என்னால் ஆறுதலும் கொள்ள முடியவில்லை, வருந்தாமலிருக்கவும் முடியவில்லை.

மூன்றாம் சனிக்கிழமை பஜனை முடிந்து பிரசாதச் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நானே பேச்சை எடுத்தேன். வயர்மேன் அன்றும் அழுதிருந்தார். கண் இன்னும் சிவந்திருந்தது. மிருதங்கம் வாசிப்பவர் அவர் முதுகைத் தட்டி, “இவருக்குத்தான்லா பெருமாள் நேரா லைன் குடுத்திருக்காரு” என்று சொன்னார். அது எனக்குப் பொறுக்கவில்லை.

“எனக்கும் இப்பல்லாம் தினம் காலையில வருது,” என்றேன். “துளசி கிள்ளும்போது. கை நடுங்கும், மயிர் எழுந்து நிக்கும். ஒரு மாசமாச்சு.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மிருதங்கக்காரர் சுண்டலை மென்றபடி, “கிராணிக்கா? அழுகையா? நான் நம்ப மாட்டேன்பா” என்றார். சிரித்தார்கள்.

வயர்மேன் சிரிக்கவில்லை. என் அருகே நகர்ந்து வந்து உட்கார்ந்தார்.

“நெசமாவாண்ணே? கையில தொடங்கி வருதா?”

“விரல் நுனியிலேர்ந்து.”

“எனக்கு நெஞ்சுலேர்ந்துதான் வரும். கையிலேர்ந்து வந்ததே இல்ல.” அவர் கண்களில் ஓர் ஏக்கம் தெரிந்தது, அல்லது தெரிந்ததாக நான் கண்டேன். “அடுத்த சனிக்கெழம காலையில நான் உங்க வீட்டுக்கு வரட்டுமா? நீங்க பாடுங்க. நான் சும்மா பக்கத்துல நிக்கிறேன்.”

அந்த வாரம் முழுவதும் நான் நடந்ததெல்லாம் தரையில் அல்ல. அவர் என்னிடம் வந்து கேட்டுவிட்டார். என்னிடம் இருப்பது அவரிடம் இல்லை. துளசித் தொட்டிகளைத் துடைத்தேன். பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்த்தேன். முகம் பார்க்கும் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தபோது, தெளிவு வந்திருப்பதாகத் தோன்றியது.

நான்காம் சனிக்கிழமை விடியற்காலையில் அவர் வந்தார். வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் நாமம். முற்றத்துக் குழாயில் கால் கழுவிக்கொண்டு ஈரக் காலோடு பூஜையறை வாசலில் நின்று கும்பிட்டார். துளசியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “அடேயப்பா. வெயில் படாத எடத்துலயா இப்புடி?”

“இடது கையில இந்த விளிம்பப் பிடி, தம்பி. வலது கையால கிள்ளு. நான் பாசுரம் சொல்றேன். மூணாவது அடியில கவனி.”

நான் தொடங்கினேன். அவர் கை நீட்டினார். கூட்டைப் பிடிப்பதற்கு முன் அவர் கை தானாகவே திரும்பிக்கொண்டது. புறங்கையின் விரல் கணுவால் தகரத்தைத் தட்டுவதுபோல் தொட்டார். தெரியாத உலோகம் எதையும், கரண்ட் இருந்தால் விரல்கள் மடங்கிப் பற்றிக்கொள்ளாதபடி, வயர்மேன்கள் அப்படித்தான் தொடுவார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெய்வத்தின் பொருளைப் புறங்கையால் தொடுகிறாரே என்று சினம் வந்தது.

கை சுண்டி விலகியது. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய்ச் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தார்.

“ஏன் அணைச்சே? பாசுரம் முடியலியே.”

“அண்ணே, ரெண்டடி பின்னால வந்துருங்க. காஞ்ச தரையில நில்லுங்க.” குரலில் அப்படி ஒரு கட்டளையை நான் கேட்டதில்லை. “அண்ணி! இந்த ரூமுக்குள்ள வராதீங்க!”

சட்டைப் பையிலிருந்து, மின்சாரம் பட்டால் ஒளிரும் டெஸ்ட் பென்னை எடுத்தார். கோயிலுக்குப் போகும் சட்டையிலும் அது இருக்கும். காய்ந்த மணையைத் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நின்று, என்னைச் சுவிட்சைப் போடச் சொன்னார். பென்னின் நுனியைத் தகரத்தில் வைத்தார். அதன் பிடிக்குள் ஒரு சிறு செந்நிற ஒளி எழுந்தது.

“எர்த்து எங்கண்ணே?”

அவர் மீண்டும் அணைக்கச் சொல்லி, ஹோல்டரிலிருந்து கம்பியைப் பிடுங்கி எடுத்த பிறகே கூட்டைத் திறந்தார். கருப்பு டேப் சுற்றிய பச்சை மஞ்சள் முனையைக் கண்டார். அதை விரலால் தொட்டுவிட்டு என்னைப் பார்க்காமலே பேசினார்.

“இந்தப் பெட்டிக்குள்ள ஒரு கண்டென்சர் இருக்குண்ணே. அதுலேர்ந்து எப்பவும் கொஞ்சம் கரண்ட் கூட்டுக்கு எறங்கும். எர்த்து இருந்தா மண்ணுக்குப் போயிடும். இல்லன்னா தகரத்துலயே நிக்கும். யாரு ஈரக் காலோட தொடுறாங்களோ அவுங்க வழியா மண்ணுக்குப் போவும்.”

“அப்படின்னா…”

“அது மட்டும்னா பரவால்ல. சுர்ருன்னதோட போயிடும். இங்க பாருங்க.” கூட்டின் விளிம்பில் சிவப்புக் கம்பி நசுங்கியிருந்தது, நான்தான் மூடியைத் திருகும்போது நசுக்கியிருக்கிறேன். தோல் வெளுத்து, உள்ளே செம்பு மின்னியது. “இது கிழிஞ்சி தகரத்துல பட்டுச்சுன்னா முழு கரண்ட். நீங்க புடிச்ச கைய எடுக்க முடியாது.”

மனைவி வாசலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “தம்பி, அப்ப என் கை சுர்ருன்னதும் இதுதானா?”

“இதுதான் அண்ணி.”

“சாமி கோவம் இல்லியா?”

“சாமிக்கு என்ன கோவம்? கண்டென்சர் கோவம்.”

அவள் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுத மாட்டேன்.

அவர் மோட்டார் சைக்கிளில் போய்க் கருவிப் பையைக் கொண்டுவந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அடுப்படிப் பிளக்கிலிருந்து சுவர் வழியே மூன்று கம்பி இழுத்தார். நசுங்கிய கம்பியை வெட்டிவிட்டுப் புதிது போட்டார். எர்த்துக் கம்பியைத் திருகும் இடத்தில் கூட்டின் வெள்ளைச் சாயத்தைக் கத்தியால் சுரண்டினார். “பெயிண்டு மேல திருகினா திருகாத மாதிரிதான்” என்றார். பேலஸ்ட்டை நீர் தெறிக்காத உயரத்துக்குத் தூக்கி வைத்தார். வரும் கம்பி கூட்டுக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்குமாறு விட்டார். கம்பிவழி நீர் இறங்கினால் அந்த வளைவில் சொட்டிவிடும், உள்ளே போகாதாம். கூட்டின் மேல் நான் காயப்போட்டிருந்த துண்டை எடுத்து என்னிடம் கொடுத்து, “இது மேல எதுவும் போடாதீங்க, சூடு போவ வழி வேணும்” என்றார். கடைசியாக, தண்ணீர் தெளிக்கும் முன் சுவிட்சை அணைக்க வேண்டும் என்பதை இரண்டு முறை சொன்னார். ஒன்றை இரண்டு முறை சொல்ல வைக்கும் மாணவனாக நான் அதற்குமுன் இருந்ததில்லை.

சுவிட்சைப் போட்டார். குழல்கள் எரிந்தன. டெஸ்ட் பென்னை வைத்தார், ஒளி எழவில்லை. முதலில் தாமே புறங்கையால் தொட்டார். பிறகு உள்ளங்கையால் பிடித்தார்.

“இப்ப புடிங்கண்ணே.”

பிடித்தேன். தகரம். குளிர்ந்த, ஊமைத் தகரம்.

“பாதியில நின்ன பாட்டு,” என்று அவர் மெல்ல நினைவூட்டினார்.

பாடினேன். ஒரு மாதமாக எழுந்து நின்ற மயிர் அன்று படுத்தே கிடந்தது. மூன்றாம் அடி, நான்காம் அடி. என் குரல் சரியாக இருந்தது. சொல் சரியாக இருந்தது. பக்கத்தில் விசும்பல் கேட்டது. அவர் கைகூப்பி நின்றிருந்தார். கன்னத்தில் நீர் ஓடியது. முன்கையில் சுவர்த் தூசி படிந்திருந்தது. தூசிக்கு ஊடே மயிர் எழுந்து நின்றது. என் அறையில், என் குரலுக்கு.

அன்று மாலை கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு ஒரே நினைவு: அவர் சொல்லிவிட்டிருப்பார். சொல்லியிருக்க வேண்டும் என்று விரும்பவும் செய்தேன். சொல்லியிருந்தால் அவரை வெறுக்க ஒரு காரணம் கிடைக்கும். நாங்கள் அமர்ந்ததும் மிருதங்கக்காரர் கேட்டேவிட்டார்.

“என்ன வயர்மேன், கிராணி வீட்டுக்குப் போனியே. உனக்கும் கையிலேர்ந்து வந்துச்சா?”

வயர்மேன் தம் நோட்டைப் புரட்டிக்கொண்டே, “அண்ணன் பாடுனாரு. எனக்கு அழுக வந்துருச்சு” என்றார். அவ்வளவுதான். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

அவர் என்னைக் காப்பாற்றிவிட்டார். இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தக் காப்பாற்றலுக்குள் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். அழவும் தெரிந்தவர், கம்பி இழுக்கவும் தெரிந்தவர், இப்போது பிறர் மானத்தை மூடி வைக்கவும் தெரிந்தவர். அந்த மூன்றாவதையும் அவருக்கே விட்டுவிட என்னால் முடியவில்லை. நான் உண்மை சொன்னது நேர்மையால் அன்று.

“அது பெருமாள் இல்ல,” என்றேன். “கரண்ட். எர்த்துக் கம்பிய நான்தான் வெட்டிவிட்டேன். ஒரு மாசமா ஷாக் வாங்கிக்கிட்டு அருள்னு நெனச்சேன்.”

மிருதங்கக்காரர் மிருதங்கத்தின் மேலேயே கவிழ்ந்து சிரித்தார். தீர்த்தம் கொடுக்க வந்த பட்டர் வட்டிலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “கிராணிக்கு கரண்ட் ஆபீஸ்லேர்ந்து தரிசனம்லா!” என்று ஒருவர் கத்தினார். “பில்லு வந்துச்சா கிராணி?” என்றார் இன்னொருவர். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, வயர்மேன் சிரிக்கிறாரா என்று பார்த்தேன். பத்துப் பேரில் அவர் ஒருவர்தான் சிரிக்கவில்லை. நான் கொண்டுவந்திருந்த ஒரு சாண் துளசிச் சரத்தைப் பட்டரிடம் எடுத்துக் கொடுத்து, “இத பெருமாள் கையில சாத்துங்க சாமி, என் மாலை கையில நிக்காது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கும் அவர்மேல் எனக்குப் பொறாமை வந்தது.

சிரிப்பு அடங்கியதும் பாசுரம் தொடங்கினோம். அவர் முதலில் எடுத்தார். மூன்றாம் அடியின் முடிவில் வழக்கம்போல் குரல் உடைந்தது. வாய் அசைந்தது, ஒலி வரவில்லை. மற்றவர்கள் அவருக்காகக் காத்திருந்தார்கள். நான் காத்திருக்கவில்லை. அவர் விட்ட சொல்லிலிருந்து எடுத்து, நான்காம் அடியை அவருக்காகப் பாடினேன். உலர்ந்த கண்ணோடு, பிழையில்லாமல், கடைசிச் சொல்வரை.